குடிசையா, குடிலா? குயிலாப்பாளையத்துக் கட்டங்கள்

இடமிருந்து வலம், 1: உலகமே மாறினாலும் மாறாத ஆசாமி, தாலுகா ஆபீஸ் கணக்கிலிருந்து வந்த பெயர் (7).

போனைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு யோசியுங்கள். ஏழு கட்டம். சரியாக நடுக்கட்டத்தில் 'ம்'. வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் குரல் கொடுத்துப் பாருங்கள், பத்து விநாடியில் விடை வந்துவிடும். காலேஜ் படிக்கும் பிள்ளையிடம் கேட்டால் 'பூமர்' என்று பதில் வரலாம். பொருள் சரிதான், ஆனால் கட்டம் நிறையாது.

விடை: பத்தாம்பசலி.

திட்டுவதற்குத்தான் இந்தச் சொல்லை எடுக்கிறோம். 'அவர் ஒரு பத்தாம்பசலி, ஆன்லைனில் காசு அனுப்பவே மாட்டார்' என்கிறோம். ஆனால் அதில் இருக்கும் பசலி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. 'ஃபஸ்ல்' என்றால் அரபியில் பருவம், விளைச்சல். அறுவடையை ஒட்டி நிலவரி வசூலிக்க வசதியாக அக்பர் காலத்தில் கொண்டுவந்த ஆண்டுக் கணக்கு அது. தமிழ்நாட்டு வருவாய்த் துறை இன்றைக்கும் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை ஒரு பசலி என்றுதான் கணக்கு வைக்கிறது. ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி வந்துவிடும். 2025 ஜூலை 1 அன்று பிறந்தது 1435-ஆம் பசலி. மே, ஜூன் மாதங்களில் தாலுகா அலுவலகங்களில் ஜமாபந்தி நடக்கிறதே, பட்டா மாறுதலுக்கு மனுவோடு வரிசையில் நிற்கிறோமே, அது பசலிக் கணக்கை முடிக்கும் சடங்குதான். பட்டாவை மொபைலில் டவுன்லோடு செய்கிற காலத்திலும் கிராமக் கணக்கின் தலைப்பில் பசலி உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் பத்தாம் பசலி எந்த வருடம்? கூட்டிப் பார்த்தால் கி.பி. 600 வருகிறது. ஏறக்குறைய மகேந்திரவர்ம பல்லவன் பட்டத்துக்கு வந்த சமயம். வேடிக்கை என்னவென்றால், பத்தாம் பசலி என்று போட்டு யாரும் ஒரு கணக்கும் எழுதியதில்லை. அக்பர் இந்த முறையைத் தொடங்கியபோதே ஹிஜ்ரி எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டதால், பசலி பிறக்கும்போதே அதற்கு வயது 960-ஐத் தாண்டிவிட்டது. இல்லாத ஒரு வருடத்தில் ஒரு மனிதரை உட்காரவைத்துத்தான் நாம் பழசு என்கிறோம்.

இந்த வாரக் கட்டத்துக்கு வானூர் தாலுகாவில் ஒரு ஊரை எடுத்துக்கொள்ளலாம். குயிலாப்பாளையம். விழுப்புரம் மாவட்டம், புதுச்சேரியிலிருந்து வடக்கே சுமார் 10 கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரியமுதலியார்சாவடியில் மேற்கே திரும்பினால், ஆரோவில் போகிற வழியில் வரும். சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற கார்கள் இந்த ஊரைத் தாண்டித்தான் மாத்ரிமந்திர் பார்க்கப் போகின்றன. தாண்டுகிறவர்கள் இதை ஒரு ஊராகப் பார்க்கிறார்களா, ஆரோவிலின் கடைவீதியாகப் பார்க்கிறார்களா என்பது வேறு விஷயம்.

பெயரை எண்ணுங்கள். கு, யி, லா, ப், பா, ளை, ய, ம். எட்டுக் கட்டம். தமிழ்க் குறுக்கெழுத்தில் உயிர்மெய்யோ புள்ளி வைத்த எழுத்தோ, எதுவானாலும் ஒன்றுக்கு ஒரு கட்டம். புதிதாக ஆடுகிறவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள். குயிலாப்பாளையத்துக்குள் குயில் இருப்பதாகத் தோன்றும். கட்டத்தில் போட்டுப் பாருங்கள், இருக்காது. 'ல்' வர வேண்டிய இடத்தில் 'லா' நிற்கிறது. ஆனால் பாளை இருக்கிறது, ஐந்தாவது ஆறாவது கட்டங்களில், தென்னையும் பனையும் உள்ள ஊருக்குப் பொருத்தமாக. பாளையம் என்பதற்குப் படை இறங்கிய இடம் என்று பொருள், அதையும் ஒரு குறிப்பாக வைக்கலாம்.

எழுத்தை எண்ணுவது தமிழ்ப் பத்திரிகை உலகத்துக்குப் புதிதில்லை. 1928-ல் எஸ்.எஸ்.வாசன் ஆனந்த விகடனை வாங்கியபோது எழுத்துக்கு 25 ரூபாய் என்று 200 ரூபாய் கொடுத்ததாக ஒரு கதை உண்டு. அந்தப் பெயரும் எட்டு எழுத்து. அதே விகடன் 1930-களில் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தியது. நியூயார்க் வேர்ல்டு பத்திரிகையில் ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று வைர வடிவத்தில் ஒரு கட்டம் போட்டு விளையாட்டாக ஆரம்பித்தது, இருபது வருடத்துக்குள் நம் ஊர்த் திண்ணைக்கு வந்துவிட்டது. பரிசுப் பணம் பெருகப் பெருக இது சூதாட்டமா அறிவாட்டமா என்று சண்டை வந்தது. 1955-ல் மத்திய அரசு பரிசுப் போட்டிகள் சட்டம் கொண்டுவந்தது. மாதத்துக்கு மொத்தப் பரிசு 1,000 ரூபாயைத் தாண்டக்கூடாது என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1957-ல் சட்டம் நின்றது. லட்ச ரூபாய்க் கனவு போனது. கட்டங்கள் மட்டும் வாராவாரம் மிச்சமிருந்தன.

சரி, இந்தக் கட்டங்களில் ஏன் இவ்வளவு பழைய சாமான்கள்? குறுக்கெழுத்து போடுகிற எல்லோரும் கவனித்திருப்பீர்கள். உரல் வரும், முறம் வரும், குதிர் வரும், உறி வரும், நுகம் வரும். மிக்ஸி வராது, மைக்ரோவேவ் வராது.

புதிர் அமைப்பவர் பத்தாம்பசலி என்பதால் மட்டும் இல்லை. ஆங்கிலத்தில் 26 எழுத்து, தமிழில் 247. இரண்டு சொற்கள் ஒரே எழுத்தில் குறுக்கே சந்திப்பது நமக்குப் பத்து மடங்கு கஷ்டம். அதிலும் புள்ளி எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. அதனால் சின்னச் சின்னச் சொற்கள் தேவைப்படுகின்றன, மூன்று கட்டத்துக்குள் முடிகிற, எல்லோரும் ஒரே மாதிரி எழுதுகிற சொற்கள். புதுப் பொருள்களின் பெயர்கள் பெரும்பாலும் கடன் வாங்கியவை. பிரிட்ஜா, ஃப்ரிட்ஜா, ஃபிரிட்ஜா என்று வீட்டுக்கு வீடு எழுத்து மாறும், கட்டமும் மாறும். உரலுக்கு அந்தப் பிரச்னையே இல்லை. உ, ர, ல். கதை முடிந்தது.

சமையலறையிலிருந்து போன பொருள்கள் இப்படித்தான் கட்டத்துக்குள் குடியேறின. இந்த வாரக் கட்டத்திலிருந்து சில:

"கல்யாணத்தில் மிதிக்க மட்டும் மிச்சம்" (3). அம்மி. அரைப்பதற்கு யாரும் தேடுவதில்லை, மணவறையில் அருந்ததி பார்க்கும் நேரத்துக்கு மட்டும் எங்கிருந்தோ வந்துவிடும்.

"மாட்டைக் கட்டி இறைத்தால் தண்ணீர், மனதில் போட்டு இறைத்தால் கண்ணீர்" (3). கவலை. இளையவர்களுக்கு இதில் பாதிதான் புரியும். பழைய தென்னாற்காடு பக்கத்தில் கிணற்றிலிருந்து மாடு பூட்டி, தோல் சாலில் தண்ணீர் இறைத்ததற்குக் கவலை என்று பெயர். தெற்கே கமலை என்பார்கள். மாடுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும், பின்னால் நடந்தால் சால் கீழே போகும். பம்ப்செட் வந்து அந்தக் கவலையை எடுத்துவிட்டது. கரண்ட் பில், நிலத்தடி நீர் என்று வேறு கவலைகளைக் கொடுத்துவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"முன்பு கிணற்றடியில், இப்போது விலைவாசியில்" (4). ஏற்றம். ஆள் ஏறி மிதிக்க, கீழே ஒருவர் சால் பிடிக்க, பாட்டோடு நடந்த வேலை.

"மரத்தில் செய்த கால், ஆனால் நடக்காது, நெல்லைக் கேட்டால் பதில் சொல்லும்" (5). மரக்கால். எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம்.

"வழிப்போக்கர் காசு கொடுக்காமல் தங்கியது அன்று, வண்டிக்காரர் காசு கட்டிவிட்டுக் கிளம்புவது இன்று" (3). சாவடி. குயிலாப்பாளையத்துக்குத் திரும்புகிற இடத்திலேயே பெரியமுதலியார்சாவடி இருக்கிறது, பக்கத்தில் சின்னமுதலியார்சாவடி. பழைய சொல் என்று ஓரமாக வைத்திருந்தால் சுங்கச்சாவடியும் வாக்குச்சாவடியும் அதைப் பிடித்து இழுத்து வந்துவிட்டன. எது எப்போது திரும்பி வரும் என்று சொல்லவே முடியாது.

பொருள்களோடு நிறுத்திக்கொண்டால் இது ஜாலியான விளையாட்டு. மனிதர்களைப் பற்றிய சொற்களுக்கு வரும்போதுதான் நெருடுகிறது.

"சூது வாது தெரியாதவர்" (3) என்று குறிப்பு கொடுத்தால் வெகுளி என்று எழுதுவீர்கள். சரி. ஆனால் தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் வெகுளி என்றால் கோபம். திருக்குறளில் 31-ஆவது அதிகாரம் வெகுளாமை, அதாவது கோபம் கொள்ளாமை. கோபத்தைக் குறித்த சொல் எப்படியோ நடந்து நடந்து, கோபப்படவே தெரியாத அப்பாவியிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு நேர் எதிராக ஒன்று நடந்தது. 'நைஸ்' என்பது ஒரு காலத்தில் விவரம் தெரியாதவனைக் குறித்தது. இன்று பாராட்டு.

"நகரத்தாருக்குச் சிரிப்பு, அங்கே போனால் சோறு" (6). பட்டிக்காடு. 1972-ல் 'பட்டிக்காடா பட்டணமா' படம் வந்தபோது அந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் ஒரு பதில் இருந்தது. இப்போதும் 'சரியான பட்டிக்காடு' என்று சொன்னால் எந்த ஊரையும் குறிப்பதில்லை, எதிரே நிற்கிறவரைத்தான் குறிக்கிறது. இந்த விஷயத்தில் ஐரோப்பா நம்மைவிட மோசம். நம் சினிமாவில் ஹீரோவை அடிக்க வரும் 'வில்லன்' இருக்கிறாரே, அந்தச் சொல்லின் மூலத்தில் அவர் பண்ணையில் வேலை செய்த ஏழை நாட்டுப்புறத்துக்காரர். லத்தீனில் பண்ணையாள் என்பதற்கான சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வரும்போது கொஞ்சம் கொஞ்சமாக முரடன் ஆகி, கெட்டவன் ஆகி, கடைசியில் கோடம்பாக்கத்துக்கு வந்து கன்னத்தில் மச்சம் வைத்துக்கொண்டது. நாகரிகம் என்ற நம் சொல்லிலும் நகரத்தின் வாசனை உண்டு. ஆனால் குறளில் அது வருகிற இடம், பழகியவர் நஞ்சைக் கொடுத்தாலும் முகம் கோணாமல் ஏற்கிற கண்ணோட்டத்தைப் பேசுகிறது. பேன்ட் போட்டவரா வேட்டி கட்டியவரா என்று பார்க்கவில்லை.

"பழசு என்று பிறர் சொல்லும் முன் தானே வைத்துக்கொண்ட பெயர், விகடனில் ஆடல் பாடல் எழுதியது" (6). கர்நாடகம். 'சுத்தக் கர்நாடகம்' என்றால் பழைய ஆள் என்று கேலி. அந்தக் கேலியையே புனைபெயராக்கி கல்கி கச்சேரி விமர்சனம் எழுதினார். திட்டுச் சொல்லைச் சமாளிக்க அதுவும் ஒரு வழி.

'பழமை' என்ற சொல்லையே பாருங்கள். மூன்று கட்டம். நடுக்கட்டத்தில் 'ழ' போடலாம், 'ழை' போட்டுப் பழைமை என்றும் எழுதலாம். இரண்டும் சரி, அதனால் புதிர் அமைப்பவருக்குத் தலைவலி. குறளில் பழைமை என்று ஒரு அதிகாரமே உண்டு, 81-ஆவது. பழைய பொருள்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ரொம்ப நாள் பழகிய நண்பன் உரிமையோடு ஏதாவது செய்துவிட்டால் பொறுத்துக்கொள்வதைப் பற்றியது. வாட்ஸ்அப் குரூப்பில் வம்பு இழுக்கிற பள்ளிக்கூடத் தோழனை இன்னும் பிளாக் செய்யாமல் இருக்கிறீர்கள் அல்லவா, அதுதான் பழைமை.

இப்போது இந்த வாரத்தின் கஷ்டமான சொல். மேலிருந்து கீழ், 4: "தலைவருக்கு இருந்தால் புகழ், தெருவில் இருப்பவருக்கு இருந்தால் பரிதாபம்" (3).

எளிமை.

அகராதியைத் திறந்தால் எளிமைக்குச் சுலபம் என்று ஒரு பொருள், ஆடம்பரமின்மை என்று ஒரு பொருள், வறுமை, தாழ்வு என்று இன்னொரு பொருள். 'ஏழை எளியவர்' என்று சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். எளிமையானவர் என்றால் மரியாதை, எளியவர் என்றால் இரக்கம். இடையில் இருப்பது இரண்டே எழுத்து வித்தியாசம், ஒரு வாழ்க்கை தூரம். அமைச்சராக இருந்த கக்கன் மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண நோயாளியாகப் படுத்திருந்ததை இன்றுவரை பேசுகிறோம். அவருக்குப் பக்கத்துப் படுக்கைகளில் இருந்தவர்களும் அதே வார்டில், அதே பாயில், அதே மருந்தில்தான் இருந்தார்கள். அவர்களை யாரும் எளிமைக்கு உதாரணமாகச் சொன்னதில்லை. வேறு இடத்துக்குப் போக முடிந்தவர் இங்கே இருந்தால் எளிமை. போக முடியாதவர் இருந்தால் அதற்கு வேறு பெயர். கக்கனைக் குறைத்துச் சொல்வதற்காக இல்லை இது. போக முடிந்தும் போகாமல் இருந்தார் என்பதுதான் அவர் பெருமை.

குயிலாப்பாளையம் இந்த வாரக் கட்டத்துக்கு வந்த காரணமும் இதுதான்.

1968 பிப்ரவரி 28 அன்று, 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் போட்டு ஆரோவிலைத் தொடங்கி வைத்தார்கள். அப்போது இந்த மேட்டு நிலம் மரமில்லாத செம்மண் வெளி. மழை வந்தால் மண் கரைந்து கடலுக்கு ஓடும். மறுவருடம் பாரிசிலிருந்து தரைவழியாக ஒரு வண்டிக்கூட்டம் கிளம்பி வந்தது. வந்தவர்களுக்காகக் குயிலாப்பாளையத்தை ஒட்டி ஆஸ்பிரேஷன் என்ற குடியிருப்பில் குடிசைகள் எழும்பின. கூரைக்குக் கீற்று. தென்னோலையைத் தண்ணீரில் ஊறப்போட்டு முடைகிற அதே கீற்று. அந்த வித்தை பாரிசில் கிடையாது, இங்கே கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஆக, ஒரு வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கூரை. இந்தப் பக்கம் இருந்தவர், எப்போது இதைப் பிரித்துப் போட்டுவிட்டு ஓடு போடுவோம், மச்சு கட்டுவோம் என்று காசு சேர்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் இருந்தவர் மச்சு வீட்டையும் குளிர்பெட்டியையும் விட்டுவிட்டு இதைத் தேடி வந்திருந்தார். ஒருவருக்கு அது விட்டுப் போக வேண்டிய இடம், இன்னொருவருக்கு வந்து சேர வேண்டிய இடம். இரண்டு பேரையும் தப்பு சொல்ல முடியாது.

இதற்குக் குறிப்பு எழுதச் சொன்னால் என்ன எழுதுவீர்கள்? பழைய இதழ்ப் புதிர்களின் வழக்கப்படி "ஏழையின் வீடு" (3) என்றால் குடிசை. "முனிவர் தங்குவது" (3) என்றால் குடில். முதல் இரண்டு கட்டமும் ஒன்றேதான், கு, டி. மூன்றாவது கட்டத்தில் 'சை' விழுகிறதா 'ல்' விழுகிறதா என்பதில் இருக்கிறது எல்லாம். முனிவர்கள் போய்விட்டார்கள், அந்த இடத்துக்கு இப்போது விருந்தினர் வந்திருக்கிறார்கள். கடற்கரைச் சாலை நெடுகிலும் தங்கும் விடுதிப் பலகைகளைப் பாருங்கள். கீற்று வேய்ந்து, மண் பூசி, வாசலில் ஒரு லாந்தர் தொங்கவிட்டால் அது குடில். ஒரு ராத்திரி வாடகை ஆயிரங்களில். குடிசை என்று ஒரு பலகையும் சொல்லாது. சொன்னால் யார் காசு கொடுப்பார்?

அரசாங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் இருப்பது மற்றச் சொல். 2024-25 தமிழ்நாடு பட்ஜெட்டில் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம் அறிவிக்கப்பட்டபோது சொன்ன இலக்கு, 2030-க்குள் குடிசையில்லாத தமிழ்நாடு. 8 லட்சம் கான்கிரீட் வீடுகள், வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். குடில் இல்லாத தமிழ்நாடு என்று யாரும் அறிவிக்கப் போவதில்லை.

மண்ணும் கீற்றும் அழகு, இயற்கை, குளுமை என்று எழுதுவது சுலபம். ஏப்ரல் மதியத்தில் தகர ஷீட்டின் கீழும் கீற்றின் கீழும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தவர்கள் குளுமையை மறுக்க மாட்டார்கள். ஆனால் கீற்றை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதற்குக் கூலி வேண்டும், ஓலை வேண்டும். தீப்பொறி போதும், தெருவே போகும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது இந்தப் பகுதியில் என்ன மிஞ்சியது என்று ஊர்க்காரர்களைக் கேட்டால் தெரியும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே வந்தது. கூரை பறக்கிற ராத்திரியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடியவருக்குக் கான்கிரீட் கூரை ஆடம்பரமே இல்லை. குடிலில் தங்கியிருந்தவர் புயல் எச்சரிக்கையைப் பார்த்ததும் ரூமைக் காலி செய்துகொண்டு சென்னை போய்விடலாம்.

இன்னொரு கட்டம் இருக்கிறது. ஆரோவிலில் 1989 முதல் மண் கட்டடக்கலையையே வேலையாக வைத்திருக்கிற எர்த் இன்ஸ்டிடியூட், செம்மண்ணில் சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து, அழுத்தி, சூளையில் சுடாமல் கல் செய்யக் கற்றுக்கொடுக்கிறது. சூளை இல்லை, அதனால் விறகுச் செலவும் இல்லை. அந்தக் கல்லில் எழுந்தது ஆரோவில் பார்வையாளர் மையம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் செல்ஃபி எடுக்கும் அந்த வளைவுகள். 1992-ல் அதற்கு எகிப்துக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தியின் பெயரிலான விருது கிடைத்தது. விருதின் தலைப்பு, 'ஏழைகளுக்கான கட்டடக்கலை'. எளிமையும் ஏழ்மையும் ஒரே சொல்லில் கிடப்பது நமக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது.

மண் வீடு என்றாலே ஓட்டை வீடு என்று நினைப்பவர்கள் வானூரிலிருந்து மேற்கே போய், அதே விழுப்புரம் மாவட்டத்தில் மண்டகப்பட்டு குகைக்கோயிலைப் பார்த்துவிட்டு வரலாம். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை இல்லை. எதெல்லாம் இல்லாமல் கட்டினேன் என்பதையே பெருமையாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார் மகேந்திரவர்மன். ஆமாம், நாம் பத்தாம் பசலிக் கணக்கில் தடுக்கி விழுந்த அதே ராஜா. எளிமையை விளம்பரப் பலகை எழுதி வைத்ததிலும் அவர் நமக்கு முன்னோடி என்று சொல்லலாம். அவராலும் மரத்திலும் செங்கலிலும் கட்டியிருக்க முடியும் என்பதை மறக்க வேண்டாம்.

சாப்பாட்டுக் கட்டங்களிலும் இதே ஆட்டம்தான். "நேற்று மிஞ்சியது, இன்று மெனுவில்" (4). பழையது. சின்ன வெங்காயம், மோர்மிளகாயோடு மண் சட்டியில் வைத்தால் ஹோட்டல்களில் அதற்குத் தனி விலை. கேழ்வரகுக் கூழுக்கும் இதே யோகம். 2023-ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து கேழ்வரகு பிஸ்கட்டாகவும் குக்கீயாகவும் கஃபே அலமாரியில் ஏறிவிட்டது. ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றுகிற கூழ் மட்டும் இன்னும் இலவசம்.

புதிர் அமைப்பவர்களுக்கு இதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. கட்டத்துக்குள் போகிற சொல்லுக்கு வாயில்லை, குறிப்புதான் அதற்காகப் பேசுகிறது. "ஏழையின் வீடு" என்று எழுதிய கை, பத்து வயதுப் பிள்ளை ஒன்று குடிசையில் உட்கார்ந்து அந்தப் பத்திரிகையை இரவல் வாங்கிப் படிக்கும் என்று யோசித்திருக்காது. "பாட்டி காலத்துச் சாமான்" என்று முறத்துக்குக் குறிப்பு எழுதும்போதும் அப்படித்தான். இன்றைக்குக் காலையிலும் அதில் கேழ்வரகு புடைத்த கைகள் இருக்கின்றன. இப்படிப் பொருளால் குறிப்பு சொல்வதில்தான் சிக்கல். எழுத்தை உடைத்துக் குறிப்பு சொல்கிற பாணியில் இது வருவதில்லை. தென்றல் மாத இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்களைப் போட்டுப் பழகியவர்களுக்கு அந்தச் சுவை தெரியும். அங்கே சொல்லைப் பிரித்து விளையாடலாம், ஆளைப் பிரிக்க வேண்டியதில்லை.

அந்த வழியில் இரண்டு குறிப்புகள்.

"குடித்தனம் தொடங்கி, இசையில் முடியும் வீடு" (3). குடித்தனத்தின் முதல் இரண்டெழுத்து, இசையின் கடைசி எழுத்து. குடிசை. யார் ஏழை, யார் பணக்காரர் என்ற பேச்சே இல்லை.

"எங்கு டில்லி என்று கேட்டவருக்கு நடுவிலேயே தங்க இடம்" (3). முதல் இரண்டு சொற்களையும் சேர்த்து எழுதுங்கள். எ, ங், கு, டி, ல், லி. நடுவில் பாருங்கள்.

கீற்றுக்கும் ஒன்று: "நிலாவிலிருந்து விழுந்தால் வெளிச்சம், கூரையிலிருந்து விழுந்தால் செலவு" (3). இலங்கை வாசகர்கள் கிடுகு என்று எழுதிவிடுவார்கள், கட்டமும் மூன்றுதான், பொருளும் பாதி பொருந்தும். அதனால் 'நிலா' என்ற சொல்லைக் கவனிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிடுகு பழந்தமிழில் கேடயம் என்பது தனிக்கதை.

அடுத்த வாரத்துக்கு ஒரே ஒரு குறிப்பு. வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் போடுங்கள், கூகுளைக் கேட்க வேண்டாம். இடமிருந்து வலம், 1: "வீட்டுக்கு வெளியே, ஆனால் வீட்டுக்குள், வழிப்போக்கருக்கும் இடம் உண்டு, வம்புக்கும் இடம் உண்டு, புது வீடுகளில் கார் நிற்கிறது" (3). நடுக்கட்டத்தில் 'ண்'.